பொக்குச் சளி

நேற்று உன் வீட்டுக்காரர் அனுப்பிய சாமை அரிசி வந்து சேர்ந்தது. பையைப் பிரித்ததும் புதுத் தானியத்தின் வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. அவர் புடைத்துத்தான் அனுப்பியிருக்கிறார், ஆனால் உன் கைப்பக்குவம் அவருக்கு வராது. தண்ணீர் ஊற்றியதும் உமியும் மணி பிடிக்காத பொக்குமாக மேலே மிதந்தது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இரவு கடையில் வாங்கித்தான் சாப்பிட்டேன்.

மலைமேல் ஜமுனாமரத்தூர் ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தவர்கள் நாம். மழைக்காலம் வந்தால் உனக்கு இழுப்பு வந்துவிடும். டிரங்குப் பெட்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் ஏறி இறங்க மூச்சு விடுவாய். நான் முதுகைத் தேய்த்துவிடுவேன். பிறகு நான் சென்னைக்குப் படிக்கப் போனேன், நீ கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாய். நுரையீரல் காய்ச்சலுக்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உனக்காகத்தான் அந்த வேலைக்குப் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். இடம் கிடைத்தது, போனேன். கேட்பதற்கு நன்றாக இருந்ததால் உன்னைச் சேர்த்துக்கொண்டேன்.

போன வருஷம் தை மாதம் நான் உன் ஊருக்கு வந்தபோது, பாறைக் களத்தில் சாமையைத் தூற்றிக்கொண்டே கேட்டாய்: “அங்க இன்னாடி பண்ற நீ? கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?”

ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். வைரஸ் பெருகும்போது சில துகள்கள் குறையாகப் பிறந்துவிடும், அவற்றால் தனியாகப் பெருக முடியாது, ஆனால் முழு வைரஸ் புகுந்த செல்லுக்குள் அவையும் புகுந்தால் அது பெருகத் தேவையானதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு அதைக் குறைத்துவிடும். அந்தக் குறைத் துகளைத் தனியாகத் தயாரித்து மூக்கில் விட்டால் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்காமல் தடுக்க முடியுமா என்று பார்க்கிறோம். எலிகளிடம் பலன் தெரிகிறது. மனிதருக்கு மருந்தாக இன்னும் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் களத்தில் கிடந்ததை ஒரு பிடி அள்ளிக் காட்டினேன். “இதோ பார், இந்தப் பொக்கு மாதிரி பொக்கு வைரஸ்னு ஒண்ணு இருக்குடி. மேல பார்த்தா மணி மாதிரியே இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. அத வெச்சித்தான் மருந்து செய்யறோம்.”

“பொக்கு எப்டிடி மணிய தடுக்கும்?” என்றாய். சரியான கேள்வி. என் உவமை அங்கேயே உடைந்திருக்க வேண்டும். நானோ இன்னொன்றை எடுத்துவிட்டேன். பந்தியில் முன்னாலேயே வந்து இலையைப் பிடித்துக்கொள்கிறவன் மாதிரி என்றேன்.

“அப்ப பொக்கு வந்து மொதல்ல உக்காந்துட்டா, பெருசு வந்தா எடம் இல்லன்னு திரும்பிப் போய்டும்.”

“அதேதான்” என்றேன். நீ முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சென்னைக்குத் திரும்பி ஒரு கூட்டத்தில் அதே உவமையைச் சொன்னேன். மலைக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி விளக்குகிறேன் என்று கை தட்டினார்கள்.

ஐப்பசியில் போன் செய்தாய். “லேசா சளி புடிச்சிருக்கு. பொக்குதான் போல” என்றாய். நீ கேலி செய்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்தேன். இழுப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. டாக்டரிடம் போ என்று சொல்லவில்லை. வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஜீப் மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். காரியத்துக்கு வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னு மூணு நாளா கூப்ட்டேம்மா. பொக்கு வந்து உக்காந்திருக்கு, ஊசி போட்டு அத எழுப்பிட்டா பெருசு வந்து குந்திக்கும்னு சொன்னா. உங்க பேரச் சொன்னா. அதுக்கு மேல நான் இன்னா பேசறது?”

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. எந்த வியாபாரி என்ன சொன்னாலும் நம்பாதவள் நீ. உரக்கடைக்காரனை நாலு கேள்வி கேட்டு மடக்குவாய். லேசான சளி என்றால் குறைத் துகள் இல்லை, அதுவும் முழு வைரஸ்தான், அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. பிறகுதான் உறைக்கிறது. நீ கேட்டாய். களத்திலேயே கேட்டாய். நான்தான் “அதேதான்” என்றேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது உன் பக்கத்து வீட்டுப் பெண்ணின் இடுப்பில் இருந்த பெண் குழந்தை இருமியது. நெஞ்சுக்குள் கரகரவென்ற சத்தம் எனக்கே கேட்டது. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லக்கா, பொக்குச் சளி. தானா போய்டும்.”

யார் சொன்னது என்றேன். உன் வீட்டைக் காட்டினாள். “அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மெட்ராஸ்ல அவங்க சிநேகிதி ஒருத்தி கண்டுபுடிச்சதாம்.”

அந்தச் சிநேகிதி நான்தான், நான் சொன்னது தப்பு என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளையும் குழந்தையையும் ஜமுனாமரத்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழந்தை பிழைத்தது. மறுநாள் சென்னைக்குப் போகாமல் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பொக்குச் சளி என்று ஒன்று கிடையாது, மூச்சு வாங்கினால் உடனே கிளம்புங்கள் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ செத்ததைச் சொன்னால், “அவளுக்கு இழுப்பு இருந்துச்சே” என்றார்கள்.

அதற்குப் பிறகு மழை பிடிக்கும்போதெல்லாம் லீவு போட்டுவிட்டு மலைக்கு வருகிறேன். உவமை எதுவும் சொல்வதில்லை. மருந்து இன்னும் வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். போன தடவை உன் பெரிய மாமனார் முழுக்கக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “நீ படிச்ச பொண்ணு, சரியாத்தான் சொல்லுவ. ஆனா அவ பொய் பேசற பொம்பள இல்லம்மா.”

பொய் பேசுகிறவள் இல்லை என்றுதான் நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஊர் இன்னும் உன்னைத்தான் நம்புகிறது, நீ என்னை நம்பிய மாதிரி.