புட்டு தின்ன கேசரி

அன்பு மகன் கிஷனுக்கு,

அம்மா எழுதுறேன். மெல்பர்ன்ல நீயும் மருமக காமினியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கிறேன். இங்க அப்பா சுகம். நானும் சுகம்னு எழுத மனசு வரல. போன்ல சொன்னா பாதியிலேயே வெட்டிடுற, அதான் காகிதத்துல எழுதுறேன், இதையாவது கடைசிவரைக்கும் படி.

உன் நாய் புட்டுவை நான்தான் கொன்னுட்டேன்னு சொன்னியே, அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்குது. புரட்டாசியில நம்ம வீட்டுல கவுச்சி கிடையாதுன்னு உனக்குத் தெரியும். நீ அனுப்புன கோழி பிஸ்கட்டை எடுத்து மேல வச்சிட்டேன், வாயில்லா ஜீவன் ஏங்குமேன்னு சனிக்கிழமை சாமிக்குப் படைச்ச கேசரியில ஒரு பிடி வச்சேன். திராட்சை நாய்க்கு ஆகாதுன்னு எனக்கு யார் சொன்னா? அந்தக் குட்டி நாயை எங்கிட்ட விட்டுட்டுப் போறப்ப, நீ அங்கிருந்து அதைப் பார்க்க ஹால்ல கேமரா மாட்டி, வைஃபை போனா என்ன செய்யணும்னு அரைநாள் பாடம் எடுத்தியே, இதைச் சொல்ல வாய் வரலையா? சரி, எனக்குத்தான் தெரியாது. அன்னைக்கு நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்த? என் கேசரியில திராட்சை கிடக்கும்னு தின்னு வளர்ந்த உனக்குத் தெரியாதா? "சோ க்யூட் லா மா, இன்னும் கொஞ்சம் கொடுங்க"ன்னு சொன்னது யாரு? நீ சொல்லித்தான் ரெண்டாவது பிடி வச்சேன்.

மறுநாள் காலையில வாந்தி எடுக்க ஆரம்பிச்சது, அப்புறம் ஒண்ணுக்கும் போகல. பக்கத்து வீட்டு ஹபீபா பீவி அக்கா நாயைத் தொடமாட்டாங்க, ஆனா பின்சீட்டுல துண்டை விரிச்சு அவங்க காடியிலேயே நாய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இவ்வளவு சின்ன உடம்புக்குக் கொஞ்சமே போதும், கிட்னி போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. என் மடியிலதான் போச்சு. நீ அழுது லீவு போட்டியாம், காமினி சொன்னா. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்ப லீவு கிடைக்கலேன்ன. நான் ஒண்ணும் கேட்கல.

தினமும் காலையில கேமராவுல புட்டுன்னு கூப்பிடுவ. கூப்பிட்டது அதைத்தான், ஆனா நானும் அடுப்பை அணைச்சிட்டு ஓடி வருவேன். புட்டு போனதுலேருந்து அதுல உன் குரல் வரவே இல்ல. இன்னைக்குக் கேமராவைக் கழட்டி வச்சிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிர்ல வெறுங்காலோட நிக்காதே. முருகன் உங்களைக் காப்பாத்தட்டும். மறந்துடாதே, தீபாவளிக்குப் பலகாரம் பார்சல் வராது. வேணும்னா வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெகதீஸ்வரி