சாய்ப்பில் நின்ற மூன்று போல்ட்டுகள்

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். ஒன்பது வருஷமாக ஒரு எட்டு வந்து பார்க்க உனக்கு மனசு வரவில்லை. போகட்டும்.

பெரியவள் தையல் கடை வைக்கிறாள். வாசல் சாய்ப்பில் மாட்டக் கடைப் பெயரைப் புடைப்பு எழுத்துகளாகத் தகரத்தில் நானே செய்துவிட்டேன். சித்தப்பாதான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மருந்துக்கடை எழுத்து விழுந்த கதையை நான் மறந்தாயிற்று, நீயும் மற. இந்தத் தடவையாவது நட்டை நன்றாக முறுக்கு.

அண்ணன்

ஜனவரி 27

அண்ணனுக்கு வணக்கம்.

அந்த மருந்துக்கடை கைமாறிவிட்டது. பழைய சாய்ப்பைக் கழற்றும் வேலை என் முதலாளிக்கு வந்தது. ஊருக்கு வந்தேன், வீட்டுக்கு வர மனமில்லை.

எழுத்து விழுந்த மறுநாள், என்னை ஏணிப் பக்கமே விடாமல் நீங்களே ஏறித் தகடு அடித்து மறைத்தீர்களே, அதைப் பிரித்தேன். நான் முறுக்கிய மூன்று நட்டும் துருவேறி, இறுக்கமாக இருக்கின்றன. மூன்று போல்ட்டும் சாய்ப்பிலேயே நிற்கின்றன. நான் முறுக்காமல் விட்டிருந்தால் போல்ட்டும் எழுத்தோடு விழுந்திருக்கும். போல்ட் தலையில் வெல்டிங் இல்லை, காய்ந்த பசைதான். எழுத்தின் முதுகில் அதை ஒட்டியது நீங்கள்.

தெருவில் போன அந்தம்மா மேல் எழுத்து விழுந்து, தோள் உடைந்து கிடந்தபோது நான் அவர் காலில் விழுந்தேன். பக்கத்தில் நின்று நீங்கள் சொன்னது, "இவன் எப்பவுமே அரைகுறைதாம்மா." அன்றிலிருந்து ஊருக்கே நான் அரைகுறை. அப்பா சாகும்வரை என் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஒரு போல்ட்டை இத்துடன் அனுப்புகிறேன்.

தம்பி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அண்ணி பார்ப்பதற்குள் போல்ட்டை எடுத்து வைத்துவிட்டேன். அன்று வெல்டிங் மிஷின் பழுது. மறுநாள் மருந்துக்கடைத் திறப்பு. பசை தாங்கும் என்று நினைத்தேன். நீ ஒண்டிக்கட்டை, எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பட்டறைப் பெயர் கெட்டிருந்தால் தெருவில் நின்றிருப்போம். நீ எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்று தெரியும். பிழைத்துக்கொண்டாய்தானே?

பெரியவளிடம் சொல்லிவிடாதே. இருபதாம் தேதி திறப்பு. அவசியம் வா.

அண்ணன்

பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

நீங்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வந்து மாட்டிவிட்டேன். அதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். இரண்டு கையோடு வந்தன. அதே பசை. நீங்கள் பெற்ற பெண் நாள் முழுக்க அதன் கீழ்தானே போய்வருவாள்? பக்கத்துத் தெருப் பட்டறையில் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளையிடம் வாய் திறக்கவில்லை.

அந்தம்மா இன்னும் அதே தெருவில் இருக்கிறார். வலது கையைத் தூக்கித் தலை வார முடியாது. யார் தப்பு என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தம்பி

ஜூன் 2

அண்ணனுக்கு,

அதன் பிறகு நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. உங்கள் முழங்கால் வலி, கடை வியாபாரம், அண்ணியின் ஊறுகாய் வரை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்தது வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். பெரியவள் கடை எழுத்து விழாது, அந்தப் பயம் வேண்டாம்.

இப்படிக்கு,
அரைகுறை