சீசருக்கு இரைக்கிறது

இயேசு மரி சூசை
தென்னூர், திருச்சி
1-12-1983

அன்புள்ள அண்ணனுக்கு, அமலராணி எழுதுவது. நானும் அவரும் நலம். அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல்.

நீங்கள் கொடுத்த சீசருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. இந்தக் குளிரிலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. பயமாக இருக்கிறது. மாட்டு டாக்டர் அண்ணன் இருந்தும் என் நாய்க்கு ஒரு வழி சொல்ல ஆளில்லை. உடனே பதில் போடுங்கள். உங்கள் கடிதம் வந்தால் அவரே பிரித்து எனக்கு வாசித்துக் காட்டிவிடுவார்.

அன்புத் தங்கை
ராணி

திண்டுக்கல்
4-12-1983

அன்புள்ள ராணிக்கு,

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கு வழியாகத்தான் சூட்டைத் தணிக்கும். வெயிலிலோ ஓடிவந்தோ இரைத்தால் கவலை வேண்டாம். குளிரில் சும்மா படுத்துக்கொண்டு இரைத்தால்தான் யோசிக்க வேண்டும். வலி, காய்ச்சல், நெஞ்சுக் கோளாறு, பயம், எதுவாகவும் இருக்கலாம். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. எந்த நேரத்தில் இரைக்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுது. யாராவது அடித்தார்களா?

மாப்பிள்ளை விக்டருக்கு என் அன்பு.

அருள்நாதன்

தென்னூர்
8-12-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈறு நல்ல நிறமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினேன். நெஞ்சில் கோளாறு இல்லை என்றார்கள்.

பகலெல்லாம் அடுப்படி வாசலில் நிம்மதியாகத் தூங்குகிறது. சாயங்காலம் தெருமுனையில் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் எழுந்து, என் காலோடு ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க இரைக்கிறது. அவர் மெட்ராஸ் போயிருந்த நாட்களில் அப்படி இல்லை. இதுவரை அவர் சீசரை ஓர் அடிகூட அடித்ததில்லை, அண்ணா.

போன ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து முகம் வீங்கிவிட்டது. இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஹாஜிரா அக்காவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

ராணி

திண்டுக்கல்
12-12-1983

அன்புள்ள ராணிக்கும் மாப்பிள்ளைக்கும்,

நாயின் நிலைமையை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இது சாதாரண இரைப்பு அல்ல. அங்கே வைத்துக்கொண்டு குணப்படுத்த முடியாது. சனிக்கிழமை ஜீப்பில் நானே வருகிறேன். புதிய இடத்தில் சீசர் யாருக்கும் அடங்காது, ராணியும் கூட வரவேண்டும். வைத்தியம் நாள் பிடிக்கும், துணிமணி நிறைய எடுத்துக்கொள்.

அதுவரை, இரைக்க ஆரம்பித்தால் அங்கேயே நிற்காதே. நாயைக் கூட்டிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடு. காற்றாட இருந்தால் அதற்கு நல்லது. யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. முன்பே கேட்காமல் இருந்துவிட்டேனே என்று மனது அடித்துக்கொள்கிறது.

அருள்நாதன்

தென்னூர்
14-12-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டினார். ஒரு நாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் அழுகையை அடக்க முடியவில்லை. நாய்க்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சீசரின் சாக்குப் பையில் என் டீச்சர் டிரெய்னிங் சர்டிபிகேட்டையும் அம்மாவின் ஜெபமாலையையும் அடியில் வைத்திருக்கிறேன். மேலே அதன் தட்டும் துண்டும்.

"எப்ப திரும்பி வருவே?" என்று கேட்டார்.

"சீசருக்கு இரைக்கிறது நின்னதும் வரேங்க" என்றேன்.

சரி என்றார். இந்த வீட்டில் அது நிற்காது என்று எனக்குத் தெரியும், அண்ணா. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீடு திரும்புவதற்கு முன்பே வந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தையும் ஹாஜிரா அக்காவிடம்தான் கொடுக்கிறேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

ராணி