மூக்கனைத் தேனீ கொட்டிய விவரம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம், மூக்கனும் இப்போது நலம். 'இப்போது' என்று எழுதியதைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும், பயப்படாதே. போன வாரம் அவனைத் தேனீ கொட்டிவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், "இதுக்குத்தாம்பா அவனை இங்க அனுப்பிடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்" என்பாய். மறைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவன் உன் நாய், உன்னிடம் மறைப்பது நியாயமில்லை.

பின்பக்கக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாக வேண்டாமே என்று மூக்கனின் சட்டியை அதற்கு நேர்கீழே வைத்தேன், எல்லாம் என் சிக்கன புத்தி. வெயில் ஏறியதும் தேனீக்கள் சட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கின. அவை யாரையும் ஒன்றும் செய்யவில்லை, நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அவன் குட்டியாக இருந்தபோது பிஸ்கட் துண்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிக்க நீ பழக்கினாய் அல்லவா, நீ கல்யாணமாகி வெளிநாடு போன பிறகும் தினம் மாலையில் அதைத்தான் நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம். பறப்பதெல்லாம் பிஸ்கட் என்று அவன் முடிவுகட்டியிருக்க வேண்டும். ஒரு தேனீயை லபக்கென்று பிடித்தான், அது உதட்டில் கொட்டிவிட்டது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி, இடுக்கியைத் தேடி, இரண்டும் கைக்குக் கிடைப்பதற்குள் அவன் முகம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பிவிட்டது. பக்கத்து வீட்டு டிரைவர்தான் காரில் கொண்டுபோனார். வழியெல்லாம் மூக்கனின் நெஞ்சில் கை வைத்தபடி இருந்தேன். அவர் காரின் முன்கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், நாய் நல்லாத்தான் மூச்சு விடுது, நீங்க கொஞ்சம் விடுங்க" என்றார்.

மருத்துவர் உன் வயதுப் பெண். ஊசி போட்டு, வீக்கம் மேலே ஏறவில்லை என்று உறுதியான பிறகுதான் அனுப்பினார். "கண்ணாடி தேடி, இடுக்கி தேடி நேரத்தைக் கடத்தாதீங்க தாத்தா. ஏதாவது அட்டையோட விளிம்பால கொடுக்கை உடனே சுரண்டி எடுங்க, ஐஸ் ஒத்தடம் குடுங்க. தொண்டையில கொட்டினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ வீட்ல வச்சு வைத்தியம் பண்ணாதீங்க, ஓடி வந்துடுங்க. உங்க மாத்திரை எதையும் அவனுக்குக் குடுத்துடாதீங்க" என்றார். எனக்குத் திட்டு வாங்கியது போலத்தான் இருந்தது, ஆனாலும் குழாய், சட்டி பற்றி அவர் சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். குழாயைப் பழுதுபார்க்க வந்த பிளம்பர், "தேனீக்கு டீக்கடையே போட்டு வச்சிருக்கீங்களே பெரியவரே" என்று சிரித்தார். சட்டி இப்போது சமையலறைக்குள். வெயில் தாழ்ந்த பிறகுதான் அவனைத் தோட்டத்தில் விடுகிறேன், பூத்திருக்கும் வேலியோரம் வார் இல்லாமல் போவதில்லை. என் பழைய அலுவலக அட்டை வாரோடு ஆணியில் தொங்குகிறது. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

பிஸ்கட் விளையாட்டையும் மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மாலையானால் மூக்கன் எதிரே வந்து உட்கார்ந்து என் கையையே பார்க்கிறான். உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தால் மரியாதைக்குத் தின்றுவிட்டு மறுபடியும் பார்க்கிறான். அந்த நேரத்தில் வீட்டில் வேறு சத்தமே இல்லை. அவனிடம் செய்தித்தாளை வாசித்துக் காட்டுகிறேன். டிரைவர் மனைவி வேலிக்கு அப்பாலிருந்து, "யார் வந்திருக்காங்க சார்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். சொன்ன பிறகு மூக்கன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

விமானக் கூண்டுக்காக அவன் நீள அகலம் கேட்டிருந்தாய். கொட்டிய மறுநாள் அளக்கப் போனேன். தலை வீங்கியிருந்தது, அளவு சரியாக வராது என்று விட்டுவிட்டேன். வீக்கம் வடிந்து நாளாயிற்று. இன்று காலை நாடாவை எடுத்தேன், அவன் எழுந்து வாகாக நின்றும் கொடுத்தான். என்னால்தான் முடியவில்லை, சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். அவன் அங்கே பத்திரமாக இருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னை நம்பி அவனை இங்கேயே விட்டுவைக்க உனக்கு மனம் வருமா என்று கேட்கத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். முடியாது என்றால் தயங்காமல் சொல், உடனே அளந்து அனுப்புகிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, மனம் ஒத்து வாழ என் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பதிலைப் போனில் சொல்லாதே, எழுத்திலேயே அனுப்பு. எதுவானாலும் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா