கோப்பியின் வலது கை

12.2.2025
தைப்பூச அலுப்பு இன்னும் தீரவில்லை. மூவார் நகரக் கோயிலில் கொடுத்த சிவப்புக் கயிற்றை வீட்டில் எல்லோருக்கும் கட்டினேன். எங்கள் நாய் கோப்பிக்கும்தான். "கை குடு" என்றதும் வலது முன்னங்காலை நீட்டியது. அவிழாதபடி மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. "நாய்க்குமா?" என்று சிரித்தார் இவர். ஏன், அதற்குக் கண் படாதா? சிங்கப்பூர் வேலைக்காக எல்லைக்குப் பக்கத்தில் ஸ்கூடாயில் தங்கியிருக்கும் மகள் சாருமதி, என்னை நம்பி விட்டுப்போன பிள்ளை அது.

20.2.2025
கோப்பியின் கயிற்றைக் காணோம். எங்கேயாவது விழுந்திருக்கும்.

22.2.2025
கோப்பி நொண்டுகிறது. வலது முன்னங்கால் வீங்கியிருக்கிறது. தொட்டால் உறுமுகிறது — என்னிடம்! பூரான் கடித்திருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டேன்.

"கிளினிக்குக்குக் கொண்டு போலாம் லா," என்றார் இவர். இரண்டு நாளில் வடிந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

25.2.2025
வடியவில்லை. பாதம் பன் மாதிரி இருக்கிறது. நாற்றம் வேறு. நாளைக் காலை கண்டிப்பாகப் போக வேண்டும்.

26.2.2025
மருத்துவர் தர்மினி பத்தைக் கழுவி முடியை மழித்தார். சதைக்குள் சிவப்பாக ஏதோ புதைந்திருந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்தார். கயிறு. விழவே இல்லை. முடிக்குள் மறைந்து, இத்தனை நாளும் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"யாரு ஆன்ட்டி கட்டினது?"

நான்தான். நான்தாம்மா கட்டினேன். அது பாட்டுக்கு நம்பிக் கையைக் குடுத்துச்சு, நான் இறுக்கி இறுக்கிக் கட்டினேன். அது மேலயே பத்தும் போட்டேனே, பாவி — ஒரு தடவ முடிய விலக்கிப் பாத்திருக்கக் கூடாதா?

"ரத்த ஓட்டம் நின்னு ரொம்ப நாளாச்சு. கால எடுத்தாதான் உயிர் தங்கும்," என்றார்.

இவர்தான் கையெழுத்துப் போட்டார்.

28.2.2025
சாருமதியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "வீங்கின அன்னிக்கே போயிருக்கலாமேம்மா," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

1.3.2025
என் கையில் இருந்த கயிற்றைக் கத்தரித்துவிட்டேன்.

19.4.2025
மூன்று காலில் கேட் வரை வந்துவிடுகிறது. என்னைக் கண்டு பயமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இன்று சோறு வைக்கும்போது, பழைய பழக்கத்தில் "கை குடு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

வாலை ஆட்டியது. வலது தோள் மட்டும் இரண்டு முறை மேலே எழும்பியது. பிறகு தட்டைத் தொடாமல், நான் பிடித்துக்கொள்வேன் என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.