முடி நேராக்கும் மெஷினில் தேய்த்த பில்கள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கோபத்தில் சமைத்தது, உப்பு முன்னே பின்னே இருக்கும்.

"பில்லெல்லாம் ஏன் இப்படிக் கசங்கிக் கிடக்கு, ஒழுங்கா வைக்கத் தெரியாதா" என்று முந்தாநாள் கத்தியது நான்தான். அதற்காக, நம் பார்லரில் முடியை நேராக்கும் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து பில்லைத் தேய்ப்பார்களா? சூடு பட்டால் கறுத்துப்போகிற தாள் அது. ஷாம்பூ, சாயம், கிரீம் என்று ஒரு வருஷம் வாங்கிய பில் அத்தனையும் இப்போது அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது. மடிப்பு மட்டும் இல்லை. பில்லைக் காட்டினால்தானே வாங்கும்போது கட்டிய வரியை நம் விற்பனை வரியில் கழிப்பார்கள்?

முதல் பில் கறுத்ததுமே நிறுத்தியிருக்கலாம். நூற்றுப் பன்னிரண்டையும் தேய்த்து முடித்திருக்கிறீர்கள்.

மொத்தக் கடையில் நகல் கேட்டுக் கெஞ்சப் போகிறேன். பத்து மணிக்கு ஆடிட்டர் ஃபைலுக்கு வருவார். நடந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். "அவ வெளிய போயிருக்கா" என்று மழுப்ப வேண்டாம். பார்லர் சாவி என்னிடம். இன்றைக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

விரல் கொப்புளத்துக்குக் களிம்பு கண்ணாடி அலமாரியில். பாவம் பார்த்து எழுதவில்லை. நாளைக்குக் கல்லாவில் பில் போட அந்த விரல் வேண்டும்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் நாலு பில் இருக்கும், தொடாதீர்கள். குளிர்ந்தால் எழுத்து திரும்புமா என்று பார்க்கிறேன். இதை மட்டும் ஆடிட்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.