அம்மா மேல் சிவப்புப் பெருக்கல் குறி

திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆபீஸ் ஏசி இன்னும் ரிப்பேர்.

பட்டன், படிவம், அட்டை. வெப்சைட் கட்டுகிறவர்களுக்கு இதையெல்லாம் ரெடிமேடாகத் தருகிற தளம் எங்களுடையது. பக்கங்களை வரைவது நான். பட்டனின் நீலம் பிடிக்கவில்லை என்றார் சார். எல்லாப் பட்டனுக்கும் மூலமான ஒன்றில் மாற்றினேன், தளம் முழுக்க மாறிவிட்டது. பேந்தப் பேந்த முழிக்கிறார். இவர் முதலாளி!

மாதிரி அட்டைக்குப் படம் வேண்டும். சிரிக்கிற வெள்ளைக்காரி இனி வேண்டாம். மீன் விற்கிற அம்மாவை வைக்கலாம்.

செவ்வாய்
வெயில். எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரையில் படகு வந்ததும் கேமராவோடு போனேன். "இருடி, வந்துடறேன்" என்று வீட்டுக்கு ஓடிய அம்மா, கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையில் திரும்பினாள். கையில் வஞ்சிரம். பக்கத்துக் கூடைக்கார அக்காவிடம் பெருமை வேறு: "எம் போட்டோ கம்ப்யூட்டர்ல வரப் போவுது."

படம், பேர், இன்றைய மீன், கீழே 'வாங்க' பட்டன். நான் செய்ததிலேயே நல்ல அட்டை இதுதான்.

புதன்
சார் பார்த்தார். "என்னாம்மா இது, ஸ்க்ரீன்லயே கவிச்சி அடிக்குது. பாண்டின்னா மஞ்ச செவுரு, காகிதப்பூ, காபி கப்பு. அதப் போடு."

பாண்டி என்றால் டூரிஸ்ட் வருகிற அந்த நாலு தெரு மட்டும்தானா? நாங்கள் எல்லாம் நடுக்கடலிலா குடியிருக்கிறோம்? கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் சுவரைப் போட்டேன். இட்லி மாவு வாங்க மறந்தாயிற்று.

வெள்ளி
தளம் வெளியானது. திறந்தேன். 'எது சரி, எது தப்பு' என்று சாரே ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார். இடப்பக்கம் மஞ்சள் சுவர், பச்சை டிக். வலப்பக்கம் அம்மா. முகத்தின் மேலேயே சிவப்புப் பெருக்கல் குறி.

போன் போட்டேன். "சார், அது எங்கம்மா."

"யாருக்கும்மா தெரியப் போவுது? டிசைனத்தான தப்புன்னேன், ஆளையா சொன்னேன்? திங்கக்கெழம பாக்கலாம்."

திங்கட்கிழமையாம்! அதுவரை உலகமே பார்க்கட்டும் என்கிறார். என்ன திமிர்.

வீட்டில் அம்மா: "வந்துடுச்சாடி?" இன்னும் இல்லை என்று பொய் சொன்னேன்.

சனி
மழை மூட்டம். அம்மாவின் படத்தை எடுத்துவிடத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். பின்னால் வந்து நின்றிருக்கிறாள், கவனிக்கவில்லை.

"எம் போட்டோதான அது? மேல தப்பு போட்டுருக்கு?" திரையில் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான் என்னாடி தப்பு பண்ணேன்?"

படத்தை எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? குறிகளின் மூலத்துக்குப் போய் டிக்கையும் பெருக்கலையும் இடம் மாற்றினேன். தளம் முழுக்க மாறும், தெரியும். மாறட்டும். வேலை போனால் போகட்டும்.

இப்போது அம்மாவுக்குப் பச்சை டிக். சார் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா இன்னும் திரையையே பார்க்கிறாள்.

"ஏண்டி, அந்தச் செவுரு பாவம் என்னா பண்ணுச்சு?"